அழிக்கிற விளக்கு

இந்தக் கடையில் டீ சுமாராகத்தான் இருக்கும், தமிழ்மொழி. ஆனால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். உன் புதுச்சேரி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கண் ஆஸ்பத்திரிப் படிப்பில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே இந்தக் கேள்வியோடு வந்து நிற்பாய் என்று நான் நினைக்கவில்லை. "சித்தப்பா, அப்பா வேல செஞ்ச அந்த லைட்டுப் பொட்டிக்கு மூடி இருந்துச்சா?" என்று கேட்டாய். இருந்தது. நானே செய்து போட்ட மூடி.

தொழிலைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். தொண்ணூற்றாறில் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ எந்த வீடியோ கேம் கடைக்குப் போனாலும், பெட்டிக்குள் ஓடியது நானும் என் சிநேகிதன், உன் அப்பன் அய்யப்பனும் மாற்றிக் கொடுத்த போர்டுதான். விளையாட்டு சலித்துப்போனால் கடைக்காரர்கள் போர்டைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். அதிலிருக்கும் சிப்பின் தலையில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. ஊதா விளக்கின் கீழ் கொஞ்ச நேரம் வைத்தால் பழைய புரோகிராம் அழிந்துவிடும். அழிப்பது அவன் வேலை, புதியதை ஏற்றுவது என் வேலை. அந்த விளக்கை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. அதனால் தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடியைத் திறந்தால் தானாக அணையும்படி ஒரு சுவிட்சும் வைத்திருந்தேன். நான் எதிலும் ஜாக்கிரதையான ஆள்.

கோட்டக்குப்பத்து ஜக்கரியா பாய் துபாயில் பெரிய விளையாட்டுக் கூடம் திறக்க இருந்தார். போர்டு வேலை தெரிந்த ஒருவனைக் கூட்டிப்போவதாகச் சொல்லி, வேலையைப் பார்க்க ஒரு சிப் கேட்டார். பாதியில் உறைந்து நின்றுவிடும் ஒரு சண்டை விளையாட்டை மாதக்கணக்கில் மண்டையைக் குழப்பிக்கொண்டு சரிசெய்து ஏற்றினேன். கரண்ட் போட்டதும் திரையில் முதலில் என் பெயர் வரும், சின்னதுரை என்று ஆங்கில எழுத்தில். எனக்குக் காய்ச்சல் என்பதால் அய்யப்பனிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவன், "பாத்துக்கினு சொல்றேன்னாருடா பாய்," என்றான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தை மாதம் விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்கு வேலையாகப் போயிருந்தேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தது. மூலையில் இருந்த பெட்டியில் என் விளையாட்டு எழுந்தது. பெயர் மட்டும் அய்யப்பன்.

கடைக்காரர், "பாய் போட்டுப் பாருன்னு குட்த்தாரு. உங்க ஆளு செஞ்சதாமே. துபாய்க்கு அவருதான் போறாராம், உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

உன் அம்மாவைப் பெண் பார்க்க அவன் போட்டுக்கொண்டு போனது என் சட்டை. சிப்பில் பெயரை மாற்றுவது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். கேட்டிருந்தால் அந்த வேலையையே விட்டுக்கொடுத்திருப்பேன்.

நான் சண்டைக்குப் போகவில்லை. சத்தம் போடுவது எனக்குப் பிடிக்காது. துபாய் போக மெடிக்கல் பாஸாக வேண்டும், அதில் கண்ணையும் பார்ப்பார்கள். அவன் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மூடியைக் கழற்றிவிட்டு, மூடி இல்லாமலே விளக்கு எரியும்படி சுவிட்சின் ஒயர்களைச் சேர்த்து முறுக்கினேன்.

"இது புது மாதிரி சிப்பு. அதிகம் வெச்சா வீணாயிடும். ஜன்னல்ல நிறம் வெளுக்கும், பாத்துக்கினே இரு," என்றேன்.

"கண்ணுக்கு ஆகாதுன்னியேடா?"

"அது பழைய லைட்டு. இது வேற."

சரி என்று குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

காலையில், "கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி கீதுடா," என்றான். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவியிருந்த சமயம். எல்லோரும் அதுதான் என்றார்கள், நானும் அதையே சொன்னேன். கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். சொட்டு மருந்து வாங்கி, அவன் தலையை மடியில் வைத்து நானே விட்டேன். வலி அடங்கும், ஆனால் புண் இருந்தால் ஆறவிடாது என்று மருந்துக்கடைக்காரர் எச்சரித்துத்தான் கொடுத்தார். வலி அடங்கியதும் அவன் மறுபடி பெட்டி முன்னால் உட்கார்ந்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உன் அம்மா அழுதாள். "மெட்ராஸ் ஐக்குப் போய் இவ்ளோ பேஜாரு எதுக்கு அண்ணி?" என்று தேற்றி அனுப்பினேன்.

மெடிக்கலில் அவனைத் தள்ளிவிட்டார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது. அன்றைக்கே மூடியை மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. அவன் அப்போதும் அந்தப் பெயரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று சொல்வான், நாளை சொல்வான் என்று காத்திருந்தேன். ஆடி பிறப்பதற்குள் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது.

பார்வை போன பிறகுதான் சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேர அழிச்சேன்டா, சாமி என் கண்ண அழிச்சிடுச்சு," என்று தேம்பினான். "விடுடா, பழைய கத," என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அவனை மன்னித்தேன். மூடியையும் மாட்டினேன்.

பாய் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அந்த நிலையில் அவனைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? பதினைந்து வருஷமாகத் தினமும் சாயங்காலம் கைப்பிடித்து ஏரிக்கரை வரை நடத்திப்போகிறேன். இன்றைக்கும் முகம் கழுவி, தலை வாரி, என் சைக்கிள் சத்தத்துக்காக வாசலில் நிற்பான்.

உன் பஸ் வந்துவிட்டது. அழாதே, எல்லோரும் பார்க்கிறார்கள். இதை அவனிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல், நான் தடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எங்கள் இருவரில், நம்பினவனுக்குத் துரோகம் செய்தது உன் அப்பன் ஒருவன்தான்.