ரெண்டு மூங்கில்

— ரெண்டு போதும்லா சங்கரா? நல்ல பச்சையாப் பாத்து வெட்டுதேன். அழாதலே. உங்க அப்பா வாழ்ந்து முடிச்ச மனுசன், பாத்துக்கோ.

— ஐயம்பெருமாள் அண்ணாச்சி, அருவாளக் கீழ போடுங்க. அப்பா நல்லாத்தான் இருக்காவ. எம் பொண்டாட்டிக்கு...

— மதுமதிக்கா? ஐயோ, அந்தப் பிள்ளைக்கு என்னலே வயசு?

— அவ சாகல அண்ணாச்சி. உசிரோட இருக்கா. வெள்ளத்தோட வீட்டுக்குள்ள வந்த கட்டுவிரியன் கடிச்சிட்டு. பாலம் ஒரு பக்கம் இடிஞ்சதுல ஆளுதான் நடந்து கடக்க முடியும், ஆம்புலன்ஸ் ஆழ்வார்திருநகரிப் பக்கமே நிக்கு. அதுவரைக்கும் அவளத் தூக்கிட்டுப் போவணும். அதுக்குத்தான் மூங்கில்.

— கோட்டிக்காரா, அத மொதல்ல சொல்லப்பிடாதா? ஒருத்தன் அழுதுக்கிட்டே ஓடிவந்து ரெண்டு மூங்கில் கேட்டா, பாடைக்குன்னுதான் நெனைப்பேன். யாருக்குன்னுகூட நான் கேக்கது கெடையாது.

— எனக்கு ஒண்ணும் ஓடல. அவளுக்குக் கண்ணத் தொறக்க முடியல. பச்சையோ என்னவோ, குடுங்க அண்ணாச்சி.

— பச்சை ஆகாதுலே. நீர் கோத்துக் கெடக்கும், பாரம் ஏறினா வளையும். பாடைக்குத்தான் பச்சை. உசிருள்ள ஆளுக்குக் காஞ்சது வேணும். தொழுவத்து மேல பாரு, ஆத்துல ஊறப்போட்டு நெழல்ல காயவச்ச கல்மூங்கில் கெடக்கு. உள்ள பொந்தே கெடையாது, பாத்துக்கோ. ரெண்ட உருவு.

— எடுத்துட்டேன். சீக்கிரம் அண்ணாச்சி.

— இந்தா, சாக்கு மூலையக் கிழிச்சு மூங்கில உள்ள நுழைச்சாச்சு. கயித்த இப்படிக் கொண்டா. நானே கட்டுதேன்.

— அவ இல்லாம என்னால முடியாது அண்ணாச்சி.

— அப்படிப் பேசாத. கரையில இந்த மூங்கில நட்டப்ப ஊரே சிரிச்சிது. இன்னைக்கு வாழை பூரா போயிட்டு, இதுல ஒரு தூரு அசையல. அவளும் நிப்பா, பாத்துக்கோ.

— ஒங்ககிட்ட ஒரு மூங்கில் கெழங்கு கேட்டு வாங்கி எங்க கரையிலயும் நடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

— ஒண்ணென்ன, கேட்டதெல்லாம் தாரேன். அவளையே வந்து தோண்டச் சொல்லு. போன் அடிக்கு, எடுலே.

— சொல்லு சித்ரா. அண்ணன் இந்தா வந்துட்டேன்... ம்... எப்ப?

— தங்கச்சிதானே? கட்டி முடிச்சாச்சுன்னு சொல்லு. ஒரு முனைய நான் பிடிச்சிக்கிடுதேன். பைய தூக்கு.

— அண்ணாச்சி... அத அவுத்துருங்க. பச்சையே வெட்டுங்க.