பழி நீக்கிய பரிசோதனை

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே! அரிய ஆய்வால் எங்கள் மந்தையை மீட்டு, இன்று இந்த ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்துவைத்திருக்கும் வேதியியல் அறிஞர் அம்மையாரே! வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஆட்டின் பின்னே நடந்து நரைத்த பெரியோர்களே! பெற்ற பிள்ளை பசித்திருக்க, தாயில்லாக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கணக்கு டீச்சர் கதை சொல்லப் போகிறாரா என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. ஆம் ஐயா, சொல்லத்தான் போகிறேன். என் வீட்டுக் கதை.

என் கணவர் ஆடு வளர்ப்பவர். என் அண்ணன் உழவர். இருவர் நிலத்துக்கும் நடுவே ஒரு கம்பிவேலி. அதன் மேல் கை வைத்து மச்சானும் மாப்பிள்ளையும் பேசத் தொடங்கினால், இரண்டு வீட்டிலும் சாப்பாடு ஆறிப்போகும்.

மழை பொய்த்த ஆண்டு வந்தது. தாழ்நிலத்தில் புல் கருகியது. மேட்டுச் சரிவில் மட்டும் ஒரு செடி பச்சைப் பசேலென்று நின்றது. காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதையாக, அங்கே போன ஆடுகள் அதன் மேல் விழுந்தன. சில வாரம் சென்றதும் ஒரு தாயாடு தலையை ஆட்டிக்கொண்டு தள்ளாடியது. தண்ணீர்த் தொட்டியின் எதிரே நின்றும் வாய்வைக்கத் தெரியாமல் விழித்தது. பிறகு ஒரு கிடா. பிறகு இன்னும் சில. முதல் ஆடு செத்த வாரத்தில்தான் என் அண்ணன் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார். போதாதா? எரிகிற மனத்துக்கு எண்ணெய் வேறு வேண்டுமா?

ஊரே பார்த்திருக்க, வேலியருகே நின்று என் கணவர் சொன்னார்: "என் ஆட்டுக்கு விஷம் வச்சது நீங்கதான், மச்சான்."

அண்ணன் முதுகில் இருந்த தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் வாசலை நான் மிதிக்கக் கூடாது என்று கணவரின் உத்தரவும் வந்தது. பிறந்த வீட்டை விடுவதா? புகுந்த வீட்டை விடுவதா? தாய்மார்களே, இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் விடை உண்டு?

இன்னொன்றும் நடந்தது. வேலியோரம் ஆபத்து என்று அஞ்சி, என் கணவர் மந்தை முழுவதையும் மேட்டுச் சரிவுக்கே ஓட்டினார். பகலெல்லாம் அங்கேயே மேய்ச்சல். சாவு குறையவில்லை; கூடியது.

நான்தான் மருத்துவரை அழைத்தேன். கணவர் தடுக்கவில்லை, அண்ணன் மீதான குற்றம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தார். செத்த ஆட்டின் ஈரலைச் சோதித்தார்கள். பூச்சிமருந்தின் சுவடே இல்லை. அப்படியானால் வேறெதையோ வைத்திருப்பார் என்றார் இவர். சந்தேகத்துக்கு வால் வெட்ட வெட்ட முளைக்கும்!

மருத்துவர் மூளைத் துணுக்கை அம்மையாருக்கு அனுப்பினார். அவர் நுண்ணோக்கியோடு எங்கள் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் அதை வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னார். நரம்புச் செல்களுக்குள் நுரை பொங்கினாற்போல் குமிழ்கள். ஏன்?

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். செல் தான் செய்யும் புரதங்கள் பலவற்றில் சர்க்கரைச் சரங்களைக் கட்டுகிறது. அவற்றை நறுக்கித் திருத்தவும், பழையன ஆனதும் பிரித்துக் கழிக்கவும் நொதிகள் என்னும் வேலையாட்கள் உண்டு. மேட்டுச் சரிவில் பறித்து அவர் சோதித்த அந்தப் பச்சைச் செடியில் இருக்கும் ஒரு பொருள் சர்க்கரையைப் போலவே உருக்கொண்டது. நொதி ஏமாந்து அதைப் பிடிக்கிறது. பிடித்ததும் அதன் வாய் அடைபடுகிறது. இப்படி அடைக்கும் பொருளுக்குத் தடுப்பான் என்று பெயர். சரங்கள் நறுக்கப்படாமல் குவிகின்றன. செல் வீங்குகிறது. ஆடு தள்ளாடுகிறது.

அம்மையார் என் கணவரிடம் திரும்பினார். "நாள் பூரா மேட்டுல மேய விட்டது எப்பலருந்துங்க?"

இவர் விரல் மடக்கி வாரங்களை எண்ணினார். பிறகு மெல்லச் சொன்னார்: "மச்சான் வேலிப் பக்கம் வேணாம்னு... நானேதாங்க ஓட்டிட்டுப் போனேன்."

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குற்றமற்றவருக்கு அஞ்சி ஓடி, கொல்லும் செடியின் நடுவே மந்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்த கை தன் கையே என்று தெரிந்த ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அருகில் உட்கார்ந்துகொண்டேன்.

மந்தையைச் சரிவிலிருந்து இறக்கி, வாங்கிய தீவனம் போட்டோம். புதிதாகத் தள்ளாடத் தொடங்கியவை மெல்லத் தேறின. நெடுநாள் தின்றவை தேறவில்லை; நரம்பின் காயம் அவ்வளவு ஆழம்.

மனிதர்க்குள் விழுந்த காயம்? என்னையும் அழைத்துக்கொண்டு இவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். செடியைப் பற்றி எல்லாம் சொன்னார். அண்ணன் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆடு செடியத் தின்னுச்சு, சரி. நீங்க என்னத்தத் தின்னீங்க, மாப்ள?"

"மச்சான், ஊர் முன்னாடி சொன்னேன், ஊர் முன்னாடியே தப்புன்னு சொல்றேன்."

சொன்னபடி செய்தார். அண்ணன் உடனே கட்டிப்பிடித்துவிடவில்லை. நாடகமா நடக்கிறது? அறுவடையான தன் வயலின் வேலியைத் திறந்துவிட்டு, மிஞ்சிய ஆடுகள் அங்கே மேயட்டும் என்று மட்டும் சொன்னார். பேச்சு இன்னும் பழையபடி நீளவில்லை. நீளும்.

அவையோரே! அந்தச் செடிப்பொருளைக் கொண்டே இன்று அம்மையார் நொதிகளை நிறுத்திப் பார்க்கிறார்; எந்தச் சரம் செல்லில் என்ன வேலை செய்கிறதென்று தேடுகிறார். "மருந்தாகுமா?" என்கிறார் இந்தப் பக்கத்துத் தம்பி. தெரியாது என்கிறார் அம்மையார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்த நேர்மைதான் என் அண்ணனைக் காப்பாற்றியது! அன்று எங்களில் ஒருவர், ஒரே ஒருவர், "எனக்குத் தெரியாது, பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்! ஆகவே, நாளை உங்கள் மந்தையில் ஓர் ஆடு சாய்ந்தால், அண்டைவீட்டை நோக்கி விரல் நீட்டாதீர்கள். அந்தக் கையால் இந்தக் கதவைத் தட்டுங்கள்!

பேச இடம் தந்த தலைவருக்கும், பிறந்த வீட்டை எனக்குத் திருப்பித் தந்த அம்மையாருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்.