பன்னிரண்டாவது காசு

காலை எட்டு பத்துக்குத்தான் சண்டை தொடங்கியது. குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு தாயும், பள்ளிச் சீருடையில் மகளும் இருந்தார்கள். தாய் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு மகளிடம் நீட்டினார்.

“நீயும் போடு. டீச்சர் கேட்ட கணக்கே தப்புன்னு பரீட்சைத் தாள்ல எழுதுவியாட்டி?”

“தப்புதாம்மா. அஞ்சு ரூபாயும் ரெண்டு ரூபாயுமா மொத்தம் இருவது காசு. தொகை எழுபத்தஞ்சு. அஞ்சு ரூபாக் காசு எத்தனைன்னு கேக்காவ. அதை எக்ஸுன்னு வச்சா, மூணு எக்ஸ் முப்பத்தஞ்சுன்னு வருது. பதினொண்ணு முழுக்காசு, பன்னெண்டாவது மூணுல ரெண்டு துண்டு. காசை எவம்மா வெட்டுவான்?”

இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“மத்த பிள்ளைய எல்லாம் பன்னெண்டுன்னு எழுதி மார்க் வாங்கிட்டாளுவல்லா?”

“பன்னெண்டுன்னா எழுபத்தாறு ஆகுது. கூட வாற அந்த ஒரு ரூபாயை நீ போடுதியா?”

“வாயைப் பாரு! கிளாஸுக்கு வெளிய நிப்பாட்டிருவாவ.”

“நிக்கேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.”

என் மகளாக இருந்தால் நான் பேனாவை அவள் கையில் திணித்திருப்பேன்.

மேலகரத்தில் ஏறிய பெண்ணைக் கண்டதும் தாய் பதறி எழுந்தார். “டீச்சர், இவ சின்னப்பிள்ள...”

டீச்சர் கம்பியைப் பிடித்தபடி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

“ராத்திரி திரும்பப் போட்டுப் பாத்தேன். கேள்வியில எழுபத்தாறுன்னு இருக்கணும். நாந்தான் எழுபத்தஞ்சுன்னு எழுதிட்டேன். நீ கையெழுத்துப் போடலைல்லா? போட்டுராத.”