பணம் கட்டாத மனுவுக்கு முத்திரை வைத்த விஜயலெட்சுமி அக்காவுக்கு

ஊவா மலைப் பனியிலும் ஒருநாள் பிந்தாத உழைப்பே! லுணுகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, பதுளை நகரத்து அலுவலகத்தில் பெயர் பொறித்த பெருமையே! விற்பனை வரி மேன்முறையீட்டுப் பணியகத்தின் முதலாம் கவுண்டரில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காது அமர்ந்த மூத்த எழுதுநர் அவர்களே! எங்கள் விஜயலெட்சுமி அக்காவே!

“பொறுமையின் பூமாதேவியே” என்றுதான் அடுத்த வரியை எழுதியிருந்தோம். அடித்துவிட்டோம். உங்களுக்குப் பொறுமை கிடையாது. பொறுமை எல்லாம் எங்களிடம்தான் இருந்தது. அதற்காகவே இன்று வெட்கப்படுகிறோம். இந்தப் பிரியாவிடைக் கூட்டத்தின் முன்வரிசையில் பட்டிஸ் தட்டோடு வீற்றிருக்கும் மேலதிகாரி ஐயா நேற்றுப் பார்த்துச் சரி சொன்ன மடல் வேறு. மலரும் மணமும் மாண்பும் நிறைந்த அந்த மடல் எங்கள் நால்வரில் ஜஸீலின் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ஐயா மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் இதை வாசித்துத்தான் முடிப்போம்.

அக்கா! உங்கள் தலைக்கு மேலே, கண்ணாடி போட்ட பலகையில், மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் தொங்கிக்கொண்டே இருந்தது. விதிக்கப்பட்ட வரியில் காற்பங்கை முன்வைப்பாகக் கட்டாத எந்த மேன்முறையீடும் ஏற்கப்படமாட்டாது என்பது அதன் வாசகம். வரி பிழை என்று சொல்ல வருகிறவர், அந்தப் பிழையில் கால்வாசியை முதலில் கட்ட வேண்டுமாம்! அதிகாரி எவ்வளவு பெரிதாகப் பிழைவிடுகிறாரோ, அவ்வளவு பெரிதாக இவர் கட்ட வேண்டுமாம்! வீண் வழக்குப் போட்டு வரியை இழுத்தடிக்கும் பெருமுதலாளிகளைத் தடுக்க வந்த விதி என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பெருமுதலாளி காசோலையை நீட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். பெரகலச் சந்தியில் கடை வைத்திருந்த இராமையா அண்ணன்தான் அந்தக் காற்பங்கைக் கட்டுவதற்காகத் தன் வேனை விற்றார். மூன்று வருடம் கழித்து வழக்கில் வென்றார். ஆனால் சாமான் ஏற்ற வேன் இல்லாமல் அதற்கு முன்பே கடையைப் பூட்டியிருந்தார். பூட்டிய கடையின் முகவரிக்கு அந்தத் தீர்ப்பை உறையிலிட்டு, முத்திரை ஒட்டி அனுப்பியவர்கள் நாங்கள்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, லுணுகலையில் பலசரக்குக் கடை நடத்தும் ரஹ்மத்தும்மா தன் பற்றுக் கொப்பிகளை ஒரு மா மூட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். எழுபது வயது. பதினெட்டு லட்சம் வரி என்று அறிவித்தல் வந்திருந்தது. மேன்முறையீடு செய்ய நாலரை லட்சம் கட்ட வேண்டும். அன்றுதான் கடைசி நாள். “பிழயச் சொல்றத்துக்கும் சல்லி கட்டணுமா மகள்? நாலரை லச்சம் ஈந்தா நான் ஏன் இந்த வயசில மா நிறுத்துக்கிட்டு ஈக்கிறேன்?” என்று அவர் கேட்டபோது நாங்கள் பலகையைக் கைகாட்டினோம். நீங்கள் கொப்பியை விரித்தீர்கள்.

தோட்டத்துச் சனம் மாதம் முழுக்கக் கடனுக்கு எடுத்ததை ரஹ்மத்தும்மா நீலத்தில் எழுதுவார். பத்தாம் திகதி சம்பளம் வந்து அவர்கள் கட்டியதும் அதே தொகையைச் சிவப்பில் எழுதுவார். கட்ட முடியாமல் மிஞ்சியதை அடுத்த மாதப் பக்கத்தின் தலையில் மறுபடி நீலத்தில் எழுதுவார். லயத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. கொழும்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. நீலத்தையும் சிவப்பையும் பழைய பாக்கியையும் விற்பனை என்றே கூட்டிவிட்டார். ஒரு மூட்டை மா மூன்று மூட்டையாயிற்று. “எங்கம்மா பேரும் இப்புடித்தான் ஒரு கொப்பியில இருந்துச்சு. இதக் கூட்டத் தெரியாதவங்க கையில யாருங்க பேனையக் குடுத்தது?” என்று நீங்கள் கேட்டது மாடிவரை கேட்டது.

பிறகு படிவத்தை எடுத்தீர்கள். முன்வைப்புப் பணம் என்ற கட்டத்தில் “கட்டவில்லை. கணக்கே பிழை. முதலில் விசாரிக்கவும்” என்று எழுதி, கீழே உங்கள் முழுப் பெயரையும் எழுதி, ஓங்கி முத்திரை வைத்தீர்கள். ஜஸீலின் தேநீர் சிந்தியது. நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நம் பணியகத்தின் பழக்கம் நாடறிந்தது அல்லவா! மேசைக்கு மேசை முத்திரையைப் பார்ப்பார்கள். கட்டத்தைப் படிக்க மாட்டார்கள். மூன்று மேசை தாண்டி மனு மேன்முறையீட்டுச் சபைக்குப் போனது. சபை கொப்பியைப் படித்தது. ரஹ்மத்தும்மா ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை என்று தீர்த்தது. இன்றைக்கும் லுணுகலையில் அந்தக் கடை திறந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கட்டத்தைப் படித்தார்கள்! மூட்டையை மூன்றாக்கியவருக்குப் பதவி உயர்வோடு இடமாற்றம். உங்களுக்கு ஒழுக்காற்று விசாரணை. உண்மையை மறைத்து மனுவை ஏற்றீர்களாம். பெயர் எழுதி, முத்திரை வைத்து, நாலு பேர் பார்க்கச் செய்ததற்கு மறைப்பு என்று பெயரா? “நீங்க பாத்தத மட்டும் எழுதிக் குடுங்க. எனக்காக ஒரு வார்த்த கூட்ட வேணாம்” என்று மட்டுமே எங்களிடம் கேட்டீர்கள். அஜந்தன் ஐந்து வரியில் தட்டச்சுச் செய்தார். அந்தத் தாள் நாலு மேசையையும் சுற்றிவந்தது. ஒருவரும் ஒப்பமிடவில்லை. மூன்று வருடச் சம்பள உயர்வு போனது. தலைமை எழுதுநர் பதவி உங்களிடம் வேலை பழகியவருக்குப் போனது. உங்கள் ஓய்வூதியமும் அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது, சாகும்வரை. இத்தனைக்கும், தாள் ஒப்பமில்லாமல் திரும்பிய மறுநாள் காலையில் வழக்கம்போல எங்களுக்கு வடை வாங்கி வந்தீர்கள் அக்கா! நாங்களும் தின்றோம்.

எங்களுக்குக் கோபம் பொங்குகிறது. கேட்பதற்கு முன்பே காசு கேட்கும் விதியின் மீது கோபம். கூட்டத் தெரியாதவரைத் தட்டிக்கொடுத்து, கூட்டத் தெரிந்தவரைத் தண்டித்த மேசைகளின் மீது கோபம். எல்லாவற்றிலும் மேலாக எங்கள் மீதே கோபம். அந்த விதி தன்பாட்டில் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சம்பளத்துக்கு அதை நிறைவேற்ற நாங்கள் இருந்தோம்.

ஆகவே கேளுங்கள். தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு செய்ய ஓய்வுபெறும் நாள்வரை உங்களுக்கு அவகாசம் உண்டு என்பதை மிப்ரான் சுற்றறிக்கைகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார். “சாட்சி இல்லாம எதுக்குங்க தம்பி?” என்று நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பினீர்களாம். அந்த மேன்முறையீட்டுக்கு முன்வைப்பு எதுவும் கட்டவேண்டியதில்லை. கண்டவர்களின் ஒப்பம் மட்டும் போதும். இப்போது மணி மூன்றரை. நாலேகாலுக்கு அலுவலகம் மூடும். படிவம் நிரப்பி இருக்கிறது. உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இம்மடல் அதற்கு இணைப்பாகக் கோப்புக்குள் போகும். சட்டகம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப் பிரதி எடுத்துத் தருகிறோம். அஜந்தன் நான்கு வருடமாக எறியாமல் வைத்திருந்த தாளின் ஐந்து வரிகளும் இதோ, ஒரு சொல் கூட்டாமல்:

மனுவை விஜயலெட்சுமி எங்கள் முன்னிலையில் ஏற்றார்.
முன்வைப்புக் கட்டப்படவில்லை என்பதைத் தம் கையாலேயே எழுதினார்.
தம் பெயரையும் எழுதினார்.
எதையும் மறைக்கவில்லை.
இதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

கதிர்காமத்தான் துணையிருக்க, அல்லாஹ் அருள்புரிய, நூறாண்டு நோயின்றி, கோபம் சற்றும் குறையாமல் வாழ்க அக்கா! மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். கவுண்டர் இன்னும் மூடவில்லை.

ஒப்பமிடுவோர்:

மேலதிகாரி கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லி அன்று எழுந்து போன ஜஸீல்

வீட்டுக் கடன் இருக்கிறது என்று அன்று தலை குனிந்த மிப்ரான்

தானே தட்டச்சுச் செய்துவிட்டுத் தானே ஒப்பமிடாத அஜந்தன்

அன்று அழ மட்டும் செய்த, இன்று உங்கள் முத்திரையோடு முதலாம் கவுண்டரில் காத்து நிற்கும் ஷிஹானா