காற்றின்றி ஆடிய குஞ்சம்

— அங்கயே நில்லு எக்லசு! அந்தத் தோல மிதிச்சிராத, சாயம் இன்னும் காயல.

— கூடாரத்துக்குள்ள பாக்கணும், கைஷாக்கா.

— துப்பாக்கியோடயா? ஒட்டகப்பை தைக்கிறவ கூடாரத்துல என்ன சண்டையா நடக்குது?

— வெளையாடாத. உன் மவன் ஹமிதன் படையை விட்டு ஓடிட்டான்.

— ஓடிட்டானா! சோத்துக்குக் கூப்பிட்டாலே மெதுவா நடந்து வர்றவனாச்சே...

— அக்கா...

— இங்க வரல. அய்ர் மலைப் பக்கம் போய்த் தேடுங்க.

— அல்லா மேல ஆணையா சொல்லு.

— ஆணையெல்லாம் எதுக்குத் தம்பி... டீ குடி. மொகத்தச் சுத்துன முக்காட்ட எறக்காமயே குடி.

— ரெண்டு கிளாஸ் ஈரமா இருக்கு. நீ ஒருத்திதான இருக்க?

— ...யாராவது வந்து போவாங்க. அதுசரி, உங்க தலைவர் ஏன் வரல? கெணத்தடியிலயே நிக்காரே?

— உன் கூடாரத்துல காலெடுத்து வைக்க மாட்டாரு. உங்க கம்மாளச் சாதியோட சாபம், அந்தத் தெஸ்மா, பிடிச்சிரும்னு பயம். என்னைத் தள்ளி விட்டுட்டாரு.

— ஆம்பளச் சிங்கம்!

— மூலையில என்ன குவிச்சு வெச்சிருக்க?

— தோலுதான். மேல கெடக்குறது உன் தங்கச்சி கல்யாணத்துக்குத் தைச்ச பை. பச்சைத்தோல் வெச்சு, நீளமா குஞ்சம் விட்டு...

— குஞ்சம் ஆடுது.

— காத்து.

— காத்து எங்க இருக்கு? அடுப்புப் புகை நேரா மேல போகுது.

— டீ ஆறுது, மொதல்ல குடி.

— பையைத் தூக்கு.

— எக்லசு, நான் ஒண்ணு கேக்கட்டுமா?

— வேணாம்! கேக்காத!

— ஏன் இப்படிப் பதறுற?

— தெரியாத மாதிரி கேக்குறியே. கம்மாளச்சி வாய்விட்டுக் கேட்டு இல்லைன்னா நல்லதா நடக்கும்? எங்க அண்ணன் ஒரு ஆட்டுத்தோல் இல்லைன்னான், வாய் கோணிப்போச்சு. என் பொண்டாட்டி மாசமா இருக்கா, அக்கா...

— அப்ப கேட்டுத்தான் ஆவேன். உனக்குப் பேரு வெச்ச அன்னிக்கு உன் மொத முடிய மழிச்சது இந்தக் கை. அந்தக் கை கேக்குது... பையைத் தூக்காத.

— கேட்டுட்டியே... பாவி, கேட்டுட்டியே.

— குடுப்பியா, மாட்டியா?

— வெறுங்கையோட போனா என்னைச் சுடுவாரு. அவனைக் கொண்டுபோனா என் கையாலயே அவனைச் சுடச் சொல்வாரு.

— ஐயோ... துப்பாக்கிய ஏன்டா கீழ வைக்கிற?

— இனி இதத் தொட மாட்டேன். பயமா இருக்குக்கா.

— வெளிய கூப்பிடுறாங்க பாரு. உன் பேரச் சொல்லித்தான்.

— கேக்குது. அக்கா, பையைத் தூக்கல. நீ கேட்டதக் குடுத்துட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன்.

— சீக்கிரம் சொல்லு!

— அந்தத் தோலுக்கடியில... ஹமிதன் பக்கத்துல, இன்னொருத்தன் படுக்க எடம் இருக்குமா?