கோல்டு கார்டும் கூட ஒரு ஆளும்

— தட்டைக் கீழே வை வாத்தியாரே. யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க. எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

— அதை முதல்லயே சொல்றதுக்கென்ன இன்ஜினியரம்மா? மூணு கேக்கை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டு வந்திருக்கேன். அங்கே பரிமாறுற பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்தா.

— நான் முதல் தடவை வந்தப்ப அஞ்சு எடுத்தேன்.

— ஏர்போர்ட்டுக்குள்ள நுழைஞ்சதும் கீழே இதே மாதிரி ஒரு லவுஞ்ச்ல வாசல் வரைக்கும் வரிசை நின்னுச்சே, அது யாருக்கு?

— பேங்க் கார்டு வச்சிருக்கிற எல்லாருக்கும். அங்கே நாற்காலி கிடைக்கிறதுக்குள்ள ஃப்ளைட் வந்துடும். இது ஏர்லைன்ஸோட சொந்த லவுஞ்ச். அடிக்கடி பறந்து கோல்டு கார்டு வாங்கினவங்களும், கூட ஒரு ஆளும் வரலாம்.

— அந்த ‘கூட ஒரு ஆள்’ நானாக்கும்.

— கட்டின புருஷனுக்குன்னு தனி வரிசையெல்லாம் கிடையாது.

— அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்?

— முதல் வகுப்புக்காரங்க. அங்கே என்னையே விட மாட்டாங்க.

— பரவாயில்லையே, உன்னையும் வெளியில நிறுத்த ஒரு கதவு இருக்கு.

— கிண்டல் பண்ணாதே. வருஷத்துக்கு இத்தனை தடவை பறந்தாத்தான் கார்டு தங்கும், இன்னிக்கோட அந்தக் கணக்கு முடியுது. ஒரு பயணம் குறையுது. இன்னிக்குப் பறக்கலைன்னா இந்தக் கதவும் போச்சு.

— அதுக்காக ஒரு வேலையும் இல்லாத ஊர்ல போய் இறங்கி, அதே விமானத்துல திரும்பி வரப் போறோம். ட்யூஷன் பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க.

— சிரிக்கட்டும். ஃபாக்டரி ஃபாக்டரியா பம்ப் கழட்டி மாட்டிட்டு, நகமெல்லாம் கிரீஸோட வந்து நிப்பேன். இங்கேதான் ‘வாங்க மேடம்’னு ஒருத்தர் சொல்றாங்க. வீட்டுக் கட்டிலைவிட இந்தச் சோபாவிலதான் அதிகமா தூங்கியிருப்பேன்.

— அது எனக்குத் தெரியாதா? ஆமா, ஆபீஸ்லயே உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குக் கேட்டாங்களே, என்ன சொல்லப் போறே?

— கார்டு தங்கிட்டா வேண்டாம்னுதான் சொல்லலாம்னு இருக்கேன்.

— அப்போ இன்னொரு வருஷம் கால்ல சக்கரம்.

— அதுசரி, நீ எதுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்தே? உனக்குத்தான் மேலே ஏறினாலே காது அடைக்குமே.

— வீட்டுக்கு வந்தா துணி துவைக்கிறே, தூங்குறே, மறுபடி பெட்டி கட்டுறே. முன்னே பின்னே தெரியாதவன்கூட பக்கத்து சீட்ல உன்னோட ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு வரான். ஒரு நாளைக்கு அந்த சீட்டை நான் எடுத்துக்கலாம்னு பார்த்தேன்.

— கேக்கைச் சாப்பிடு.

— உன்னைத் தேடுதும்மா எனக்கு. நீ வீட்ல இருக்கும்போதும் தேடுது. சொல்லிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு நேரம் கேக்கை வச்சு வாயை அடைச்சுக்கிட்டிருந்தேன்.

— ஏன் சொல்லக் கூடாது?

— சொன்னா உன் காலைக் கட்டின மாதிரி ஆயிடும். அலைஞ்சு திரிஞ்சு நீயா சம்பாதிச்ச மரியாதை இது. நான் குறுக்கே நிக்கலாமா? விடு. காபி ஆறிப் போச்சு, வேற கொண்டு வரேன். நேரம் இருக்குல்ல? நம்ம ஃப்ளைட்டை இன்னும் கூப்பிடவே காணோம்.

— இங்கே கூப்பிட மாட்டாங்க வாத்தியாரே. உன் முதுகுக்குப் பின்னால இருக்கிற போர்டை நாமதான் பார்த்துக்கணும்.

— ஐயையோ, என்ன போட்டிருக்கு?

— நீ ‘தேடுது’ன்னு சொன்னப்ப கடைசி அழைப்புன்னு போட்டிருந்தது. இப்போ கேட்டை மூடிட்டாங்க. காபி ரெண்டா கொண்டு வா.