முதுமையையே சந்தேகித்த அம்மையாருக்கு

மீன்களின் மூப்பை ஆராய்ந்த மேதையே! கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் மறுநாள் மீண்டும் கண்டு, தொட்டு, அதன் பின்னும் முழுதாக நம்பாத எங்கள் மதிப்பிற்குரிய டாக்டர் நெல்டா எச்செவெரி அவர்களே! "மதிப்பிற்குரிய" என்பதற்கு ஆதாரம் கேட்டு உங்கள் புருவம் உயர்வது தெரிகிறது. முப்பது ஆண்டுகள் உங்களோடு தாக்குப்பிடித்தோம், அதுவே ஆதாரம்.

மழைக்குப் பிறந்து, கோடையில் குட்டை வற்றுமுன் கிழடாகி மடியும் சின்னஞ்சிறு மீன்களுக்கு, வற்றாத தொட்டியிலும் ஏன் மூப்பு வருகிறது என்று கேட்டீர்கள். உடல் தேய்ந்துபோகிறது என்றவர்களைச் சந்தேகித்தீர்கள். சந்ததிக்கே சத்தையெல்லாம் செலவிட்டுவிட்டால் பழுதுபார்க்க எது மிஞ்சும் என்றவர்களையும் சந்தேகித்தீர்கள். இரையைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்ற உங்கள் சொந்தக் கருத்தை மட்டும் கொஞ்சம் நம்பினீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஜன்னலோரத் தொட்டியின் அரைவயிற்று மீன்கள், உள்ளே தள்ளியிருந்த தொட்டியில் வயிறார உண்டவற்றைவிட இரண்டு மாதம் அதிகம் வாழ்ந்தன. மோந்தேவிதேயோ நகரம் முழுவதும் உங்கள் பெயர் ஒலிக்கவிருந்தது. நாங்கள் ஒயின் புட்டியைத் திறந்தோம். நீங்களோ தொட்டிக்குள் கையை விட்டீர்கள்.

"என்ன இது, தண்ணி ஜில்லுன்னு இருக்கு?"

தினமும் மாலையில் உங்களை அழைத்துப்போக வந்து, மாத்தே பானத்தோடும் சுருட்டோடும் அந்த மூலையில் காத்திருக்கும் உங்கள் கணவர் அபாரிசியோ மெல்ல எழுந்தார்.

"ஜன்னலைத் திறந்தது நீயா?" என்றீர்கள்.

"ஆமா கண்ணு. உன் மீனுக்குப் புகை ஆகாதேன்னுதான்..."

"போறப்போ சாத்தித் தொலைக்கலாமில்ல?"

"நீ கிளம்பு கிளம்புன்னு பறந்தா எங்கேர்ந்து சாத்தறது? விடு, மீனெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு!"

ஜன்னலை மூடிச் சோதனையை மறுபடி செய்தபோது, இரு தொட்டி மீன்களும் ஒன்றாகவே கிழடாயின. அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை நீங்களே திரும்பப் பெற்றீர்கள். பதினொரு ஆண்டு உழைப்பு! இனி அவரோடு பேசவே மாட்டீர்கள் என்று பயந்தோம்.

அடுத்த குளிர்காலத்தில் அவருடைய நாற்காலியை நீங்களே தூக்கி வந்து அதே மூலையில் போட்டீர்கள். "தினமும் வா. நான் சொல்றப்போ மட்டும் திற" என்றீர்கள். குளிர்ந்த நீரில் மூப்பு தள்ளிப்போவதை இருவருமாகவே உறுதிசெய்தீர்கள். ஒரு ஜன்னலைத் திறக்க எங்களில் ஒருவர் போதாதா? அது வெறும் ஆராய்ச்சிதானா? எங்கள் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

இன்று உங்களோடு அவருடைய காத்திருப்பும் ஓய்வுபெறுகிறது. இருவரும் நூறாண்டு வாழ்க என்றால், ஒரே ஒரு ஜோடியை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்பீர்கள். முடிவுகட்ட மாட்டோம், டாக்டரம்மா. நீங்கள் வாழ்ந்துகொண்டே இருங்கள். நாங்கள் நம்பாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

உங்களிடம் சந்தேகப்படக் கற்ற,
மீன் ஆய்வகத்தார்